தம்பிக்குச் சோறு கொடுத்த வீடு

மார்ச் 19, புதன். காங்கேசன்துறை, குருநகர்

யாழ்ப்பாணத்துக்கு வந்த கப்பலில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். இராமேசுவரத்துக்குப் பக்கத்தில், தங்கச்சிமடத்தில் கடலைப் பார்த்தே வளர்ந்த நானும் அந்தப் பாதியில் அடக்கம். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். பக்கத்து இருக்கையிலிருந்த பருத்தித்துறைப் பெரியவர் ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி நீட்டினார். "மணந்துகொண்டு தூரத்தைப் பாருங்கள் பிள்ளை, கீழே குனிய வேண்டாம்." அதற்குப் பிறகு இறங்கும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உதவி செய்துவிட்டுக் கதை கேட்காத மனிதர்களை எனக்குப் பிடிக்கும்.

இதே பாக் நீரிணையில்தான் சென்ற ஆண்டு என் தம்பி வேலை பார்த்த விசைப்படகை நெடுந்தீவுக்குப் பக்கத்தில் இலங்கைக் கடற்படை பிடித்தது. மயிலிட்டித் துறைமுகம், ஊர்காவற்றுறை நீதிமன்றம், யாழ்ப்பாணச் சிறையில் விளக்கமறியல். எங்கள் கடற்கரையில் சின்னப் பிள்ளைகளுக்கும் இந்த வரிசை மனப்பாடம். தம்பி சில வாரங்களில் திரும்பி வந்தான், படகு வரவில்லை. முதலாளிக்கு நட்டம், எங்களுக்கு வட்டி, அம்மாவுக்குச் சர்க்கரை. வீட்டில் மாலை ஏழு மணிக்குச் சொல்லும் செபமாலை எந்த நாளில் நின்றது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. முதலில் தம்பி எழுந்து போனான், பிறகு நான். அம்மா மட்டும் சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

தம்பி சிறையிலிருந்து கொண்டுவந்தது ஒரு தொலைபேசி எண். பாசையூர் அக்கா ஒருவர் சோறு கொண்டுவந்து கொடுத்தார் என்றான். அவரைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும், பாசையூர் அந்தோனியாருக்கு அம்மா நேர்ந்துகொண்ட மெழுகுதிரியை ஏற்ற வேண்டும். பயணத்தின் காரணம் இவ்வளவுதான்.

துறைமுகத்துக்கு வெளியே வெயில் கண்ணைக் கூசியது. இஞ்சி போட்ட பிளேன் டீ 60 ரூபாய், உளுந்து வடை 80. நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய மூன்றரை என்று வகுத்துப் பார்த்துத்தான் மூச்சு விட்டேன். குருநகரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில் மேல்மாடி அறை கிடைத்தது. இரவுச் சாப்பாடு இடியப்பமும் சொதியும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனது. டீச்சர் மெழுகுதிரியைத் தேடவில்லை; கை நேராக அது இருக்கும் இடத்துக்குப் போனது.

அந்த வெளிச்சத்தில் அவர் சொன்னது இது. 1995 அக்டோபர் 30. இராணுவம் நெருங்குகிறது, யாழ்ப்பாண நகரும் சேர்ந்த வலிகாமம் முழுவதும் அன்றிரவே கிளம்ப வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். மழை. இலட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி இருட்டில் நடக்கிறது. டீச்சருக்கு மூன்று பிள்ளைகள், கூடவே அவருடைய தங்கையின் பிள்ளைகள் இருவர். பிடிப்பதற்கு இரண்டு கைகள்தான், அதில் ஒன்றில் காணி உறுதியும் நகையும் வைத்த பை.

"செபமாலையைத் தொடங்கினேன். முதல் பாதி நான், 'அர்ச்சிஷ்ட மரியாயே' என்ற மறுபாதி பிள்ளைகள். உரத்துச் சொல்ல வேண்டும் என்று கட்டளை. ஐந்து குரலும் கேட்டால் நடப்பேன். ஒன்று குறைந்தால் நின்றுவிடுவேன்."

சாவகச்சேரி போய்ச் சேரும்வரை அப்படியே நடந்திருக்கிறார்கள். மனம் ஒன்றிச் செபித்திருப்பீர்கள் என்று நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மனமோ? மனம் எங்கே இருந்ததோ தெரியாது. காது இருந்தது" என்றார். மின்சாரம் வந்ததும் மெழுகுதிரியை ஊதி அதே இடத்தில் வைத்துவிட்டு, நாளைக் காலைக்குப் பாண் போதுமா, புட்டு அவிக்கட்டுமா என்று கேட்டார்.

மார்ச் 20, வியாழன். பாசையூர்

குருநகரிலிருந்து பாசையூர் நடக்கும் தூரம். பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. தைத்துக் கொடுத்தவர் 150 ரூபாய் வாங்கிக்கொண்டு, "இந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு கடல் கடந்து வந்தீர்களோ?" என்று கேட்டு அதை ஒருமுறை கவிழ்த்தும் பார்த்தார். தையலும் கண்டிப்பும் ஒரே விலையில்.

அக்கா வீட்டு முற்றத்தில், பூவரச நிழலில், வலையை விரித்துவைத்துக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் வந்ததைப் பார்த்துவிட்டார். ஆனாலும் ஒரு கையை உயர்த்தி, இரு என்று காட்டிவிட்டுத் தொடர்ந்தார். எனக்கு வேறு வேலை இல்லாததால் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி கண்ணிக்குள் நுழைந்து, விரலைச் சுற்றி வந்து, முடிச்சு இறுகும் நேரத்துக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியாயே' முடிந்துவிடுகிறது. பெரிதாகக் கிழிந்த இடம் வந்தால் செபம் நிற்கும். நூலைப் பல்லால் கடித்துத் துப்பியபின் விட்ட சொல்லிலிருந்து மீண்டும் எடுப்பார். செபமாலையின் அந்தப் பத்து மணிகளையும் சொல்லி முடித்ததும்தான், "வாருங்கள் பிள்ளை, தம்பியின் முகம் அப்படியே இருக்கிறது உங்களுக்கு" என்றார்.

மதுரையில் வாங்கிப்போன சுங்குடிச் சேலையைக் கொடுத்தேன். தடவிப் பார்த்து, நல்ல துணி என்று சொல்லி, என் கண்முன்னாலேயே உள்ளே போய் மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

மதியம் சோறு, ஓரா மீன் குழம்பு, முருங்கைக்காய், மரவள்ளிக் கறி, கடைசியில் சொதி. மிளகாய்த்தூளை வறுத்து அரைத்த அந்தக் காரம் காதுவரை ஏறியது. நண்டு சமைக்கவில்லையே என்று அவருக்குக் குறை. வலையில் விழும் நண்டு அப்படியே எடைபோட்டு ஏற்றுமதி செய்யும் கொம்பனிக்குப் போய்விடுகிறது. வீட்டுச் சட்டிக்குக் கால் உடைந்ததுதான் வரும் என்றார். எங்கள் ஊரிலும் நல்ல இறாலின் கதை அதுதான்.

ஏன் தம்பிக்குச் சோறு கொண்டுபோனீர்கள் என்று கேட்டேன். இதைக் கேட்கத்தானே வந்தேன். 'சிறையிலிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள்' என்ற மத்தேயு வசனத்தைச் சொல்வார் என்று நானே மனதில் எடுத்துவைத்திருந்தேன். அக்கா மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: "கோயில் பெண்கள் முறை வைத்துப் போகிறோம். அந்த மாதம் என் முறை."

அவ்வளவுதானா?

"அந்த மாதம்தான் எங்கள் வலையும் போனது. உங்கள் பக்கத்து இழுவைப் படகு இழுத்துக்கொண்டு போய்விட்டது. முறையை வேறு ஆளுக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். அடுப்பு ஒன்றுதானே, நமக்கு வைக்கிற உலையில் இரண்டு பிடி அரிசி கூடப் போட்டால் ஆயிற்று என்று விட்டுவிட்டேன்."

வலையைக் கடலடியில் இழுத்துப் பிடிக்கும் இழுவை மடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. எங்கள் பக்கத்தில் அது இன்னும் சோறு போடும் தொழில். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டு நான் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது?

கஷ்டமான காலம் என்று எதைச் சொல்வீர்கள் என்று கேட்டபோது, போரைச் சொல்வார் என்று நினைத்தேன். 2022ஐச் சொன்னார். பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆன ஆண்டு. போரில் ஓடினோம், எல்லாரும் ஓடினார்கள், எல்லாருக்கும் ஒரே பாடு. 2022இல் கடல் அங்கேயே இருக்கிறது, வள்ளம் இருக்கிறது, உடம்பில் பலமும் இருக்கிறது, எண்ணெய் இல்லாமல் கரையில் உட்கார்ந்திருந்தோம், அதுதான் தாங்கவில்லை என்றார். வரிசையில் நிற்கும்போது செபமாலை சொன்னீர்களா? "சொன்னோம். சண்டையும் பிடித்தோம். இடையில் புகுந்த ஒருவனுக்கு நானே கேனால் அடித்தேன்."

மாலை ஏழு மணிக்கு வீட்டுச் செபம். நானும் பாயில் உட்கார்ந்தேன். வாய் தானாகப் பதில் சொன்னதில் எனக்கே ஆச்சரியம். முடிவில் அக்கா வேண்டுதல்களை வரிசையாக அடுக்கினார்: மாமியாரின் மூட்டு, மகளின் பரீட்சை, சீட்டுக் காசு, கடலில் இருக்கும் எல்லாருக்கும். பதினெட்டு வயது மகன் இடையில் புகுந்தான்: "றோலர்காரருக்கும் சேர்த்தோ அம்மா?" றோலர் என்றால் எங்கள் பக்கத்து இழுவைப் படகு; அறையில் நான் ஒருத்திதான் றோலர்காரர் வீடு. அக்கா கண்ணைத் திறக்காமலேயே, "அவர்களும் கரைக்கு வர வேண்டும். வந்தால்தானே பிடித்துக் கேட்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேண்டுதலுக்குப் போய்விட்டார்.

மார்ச் 21, வெள்ளி. குருநகர்

பகல் முழுவதும் புழுக்கம். தவக்கால வெள்ளி என்பதால் டீச்சர் வீட்டில் ஒருவேளைச் சாப்பாடு. எனக்கு மட்டும் வெளியே போய்ச் சாப்பிட அனுமதி உண்டு என்றார், தொனி அனுமதிப்பது போல் இல்லை. இருந்துவிட்டேன்.

மாலையில் புனித யாகப்பர் ஆலயத்தில் சிலுவைப் பாதை. 1993 நவம்பர் 13 அன்று விமானத்திலிருந்து போட்ட குண்டு விழுந்த ஆலயம். மீண்டும் கட்டியெழுப்பியிருக்கிறார்கள். தெரியாதவர் பார்த்தால் எதுவும் தோன்றாது. பதினான்கு நிலைகளுக்கும் முழந்தாளிட்டு எழுந்ததில் என் முழங்கால் இரண்டும் செம்மண் நிறம். எனக்கு முன்னால் நின்ற கிழவி ஒவ்வொரு நிலையிலும் பேரனின் தோளைப் பிடித்து எழுந்தார்; பேரன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான், ஆனால் ஒரு தடவைகூடத் தோளை விலக்கவில்லை.

பிறகு ஒரு வீட்டில் வியாகுலப் பிரசங்கம் பாடுகிறார்கள் என்று டீச்சர் அழைத்துப்போனார். கோவாவிலிருந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சல்வேஸ் என்ற குரு எழுதியது. அவர் தமிழைக் கற்றுக்கொண்டு, இயேசுவின் பாடுகளை மாதாவின் துயரத்தோடு சேர்த்துச் சொல்லும்படி உரைநடையில் எழுதினார். அதை இங்கே வாசிப்பதில்லை, இழுத்துப் பாடுகிறார்கள். மூன்று ஆண்கள் மாறி மாறி. ஒருவர் மீன் சந்தையில் ஏலம் கூறுபவர், குரல் கட்டை. மூச்சு முட்டும் இடத்தில் அவர் நிறுத்த, இரண்டாமவர் அதே சுருதியில் எடுத்துக்கொள்கிறார். வாக்கியங்கள் நீளம், சொற்கள் பழையவை, பாதி எனக்குப் புரியவில்லை. ஆனாலும் செத்த வீட்டில் கேட்கும் ஒப்பாரியின் அதே இழுவை அதில் இருப்பதால் அடிவயிறு பிசைந்தது. அப்பா போனபோது எங்கள் வீட்டில் யாருக்கும் பாடத் தெரியவில்லை, வாடகை ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டோம்.

பாடி முடித்ததும் கறுப்புத் தேநீரும் சீனியும். தேநீரில் சீனியைக் கலக்காமல், உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கிறார்கள். பாடியவரிடம் தொண்டை நோகாதா என்றேன். "சந்தையில் இதைவிடக் கத்துகிறேன்" என்றார்.

மார்ச் 22, சனி. வட்டுக்கோட்டை, சில்லாலை, நவாலி

சில்லாலைக்குப் போக நினைத்து வட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டேன். நடத்துனர் "ஏறுங்கோ ஏறுங்கோ" என்று ஏற்றிவிட்டு, காசு வாங்கும்போதுதான் ஊரைக் கேட்டார். சரி, வட்டுக்கோட்டையையும் பார்ப்போம். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் செமினரி தொடங்கிய ஊர். ஒல்லாந்தர் காலத்துக் கல் ஆலயமும் யாழ்ப்பாணக் கல்லூரியும் பக்கத்துப் பக்கத்தில். வளவில் மரநிழல் தாராளம். ஆலயக் கதவு பூட்டியிருந்தது. நிழலில் நின்றுவிட்டுக் கிளம்பினேன்.

அங்கிருந்து சில்லாலைக்கு ஆட்டோ 900 ரூபாய். வழக்கம்போல் பேரம் பேசினேன், ஓட்டுநர் வழக்கம்போல் பெற்றோல் விலையைச் சொன்னார்.

சில்லாலைக்கு வந்தது யோசேப் வாஸ் அடிகளுக்காக. 1687இல் கோவாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலம் என்பதால், ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்தார். இறங்கியதும் வயிற்றுக்கடுப்பு, சாகக் கிடந்திருக்கிறார். தேறியபின் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையைப் பார்க்கும் கண்ணில் என்ன தெரிகிறது என்பதை வைத்து யார் இன்னும் மறைவாக விசுவாசம் காக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. அப்படி அவருக்கு இடம் கொடுத்த ஊர்களில் முதன்மையானது இது. 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இந்தக் கதையை மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறேன். அங்கே அது வீரச் செயலாக இருந்தது. சில்லாலையில் வேலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்த வீடுகளில் இருந்த பெண்களைத்தான் நினைத்தேன். வாசலில் பிச்சைக்காரன், கழுத்தில் மாலை, தெருவில் ஒற்றன் இருக்கலாம், அடுப்பில் சோறு பொங்குகிறது. அரை நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். ஒருத்தியாவது முதல்நாள் கதவைச் சாத்திவிட்டு மறுநாள் திறந்திருப்பாள்.

திரும்பும் வழியில் நவாலி. 1995 ஜூலை 9. இராணுவம் முன்னேறி வந்தபோது இடம்பெயர்ந்த சனம் புனித பேதுரு ஆலயத்திலும் பக்கத்து முருகன் கோவிலிலும் ஒதுங்கியிருந்தது. விமானக் குண்டுவீச்சில் நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் நினைவுத் திருப்பலி நடக்கிறது.

ஆலயத்தில் ஒரு பெரியவர் ஏணியில் நின்று மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஏணியைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். அந்த நாளைப் பற்றிச் சொல்வார் என்று காத்திருந்தேன். மோட்டார் சுருள் கருகிவிட்டது, புதிதாகச் சுற்ற 2,500 கேட்கிறார்கள், புதிய விசிறி 12,000, ஞாயிறு பூசைக்குள் மாட்டாவிட்டால் பெண்கள் பக்கம் வெந்துபோகும் என்று முழு விவரமும் சொன்னார். நீங்கள் இந்த ஊரா என்று கேட்டேன். "பிறந்ததே இங்கேதான்." பிறகு திருப்புளியைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். நான் போகும்போது, "ஜூலையில் வாருங்கள் பிள்ளை, அப்போது எல்லாரும் வருவார்கள்" என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

காலைப் பூசை. மதியத் தூக்கம். மாலை அக்கா வீட்டில் ஒடியல் கூழ். இறால், கணவாய், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல்மா எல்லாம் ஒரே பானையில். பலா இலையைக் கோலி ஈர்க்கால் குத்திக் கையில் கொடுக்கிறார்கள்; சூடு இலையைத் தாண்டி விரலைச் சுடும், அதற்குள் குடித்துவிட வேண்டும். வியர்த்து ஒழுகியது. நான்காவது இலைக்குக் கை நீட்டியபோது மாமியார் முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். சுங்குடிச் சேலை கட்டியிருந்தார்.

மார்ச் 24, திங்கள். தோலகட்டி, மயிலிட்டி

தோலகட்டியில் செபமாலைதாசர் ஆச்சிரமம் இருக்கிறது. தோமஸ் அடிகள் 1928இல் தொடங்கிய துறவற சபை. துறவிகள் முறை மாற்றி முறை மாற்றிச் செபமாலை சொல்வதும் தோட்டத்தில் வேலை செய்வதும் இவர்களுடைய ஒழுங்கு. போர்க் காலத்தில் இந்தப் பகுதியே சனம் இல்லாமல் கிடந்தது. ஆச்சிரமத்தாரும் இடம்பெயர்ந்து, பிறகு திரும்பிவந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் தோலகட்டி என்றால் முதலில் நெல்லி ரசம் என்பார்கள், பிறகுதான் செபமாலை. நானும் ஒரு போத்தல் வாங்கினேன், தொளாயிரத்துச் சொச்சம். விற்ற சகோதரர் போத்தலைத் துணியால் துடைத்து, மூடியைத் திருகிப் பார்த்து, செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டிக் கொடுக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்கு ஒரு பஸ் போய்விட்டது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற யாரும் முணுமுணுக்கவில்லை.

அடுத்த பஸ்ஸில் மயிலிட்டி. 1990இல் சனத்தை வெளியேற்றிய ஊர். துறைமுகத்தை இராணுவம் திருப்பிக் கொடுத்தது 2017 ஜூலையில். நான் பார்க்க வந்தது படகை. பிடிபட்ட நம்மூர் விசைப்படகுகள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கிடக்கின்றன. பச்சை வண்ணம் வெளிறி, சில பாதி மூழ்கி. தம்பி போன படகைத் தேடினேன்; முன்பக்கத்தில் தெரசம்மாள் படம் வரைந்திருக்கும். அத்தனை தூரத்திலிருந்து எதுவும் தெரியவில்லை.

வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "எந்த ஊர்?" என்றார். இராமேசுவரம் பக்கம் என்றேன். உதறுவதை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏதாவது சொல்வார், பதில் சொல்லலாம் என்று நின்றேன். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இந்தப் பயணத்தில் எல்லாரும் சோறு போட்டார்கள் என்று எழுதினால் அது பொய்.

மார்ச் 25, செவ்வாய். பாசையூர்

செவ்வாய் அந்தோனியாருக்குரிய நாள். இன்று மங்களவார்த்தைத் திருநாளும் சேர்ந்துகொண்டது. ஆலயத்தில் கூட்டம். அம்மாவின் மெழுகுதிரியை ஏற்றப் போனால் கடற்காற்று விடவில்லை. தீக்குச்சிகள் தீர்ந்தன. பக்கத்தில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு அம்மா முந்தானையை மறைப்பாகப் பிடித்து, "இப்போது கொளுத்துங்கள்" என்றார். தன்னுடைய திரியையும் என் சுடரிலேயே பற்றவைத்துக்கொண்டார். நல்லூரில் கும்பிட்டுவிட்டு, அப்படியே இங்கே வந்தாராம். மகன் ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் எங்கோ நிற்கிறான், தொலைபேசி இல்லை. சைவம் காக்கப் புறப்பட்ட ஆறுமுக நாவலரே பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணையிருந்த ஊர் இது. இங்கே இதற்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் என்ன வேண்டினேன் என்றால், ஒன்றும் அழகாக இல்லை. வட்டி குறைய வேண்டும் என்றேன். தம்பிக்கு வேறு வேலை என்றேன். அக்காவின் வலைக்கும் சேர்த்துச் சொல்லலாமா என்று யோசித்தேன். இரண்டும் ஒரே கடலில் எப்படி நடக்கும் என்று அந்தோனியாரே பார்த்துக்கொள்ளட்டும் என்று அதையும் சொன்னேன்.

மார்ச் 26, புதன். மீண்டும் பாசையூர்

காங்கேசன்துறைவரை போய்த் திரும்பிவிட்டேன். காற்று அதிகம், கப்பல் இன்று இல்லை, நாளை பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். பையோடு பஸ்ஸில் இடிபட்டுத் திரும்பும்போது யார்மீது கோபப்படுவது என்று தெரியாமல் ஜன்னல்மீது கோபப்பட்டேன், அது மூடவில்லை. அறையைக் காலிசெய்துவிட்டதால் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அதே காற்றால் அவர் கணவரும் தொழிலுக்குப் போகவில்லை, முற்றத்தில் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்.

தங்கச்சிமடத்திலும் இன்று கடலுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கவில்லையாம். அதனால் தம்பியும் வீட்டில். வீடியோவில் அழைத்தேன். அக்கா தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"தம்பி, சாப்பிட்டீரோ?"

"சாப்பிட்டேன் அக்கா."

"இப்போது என்ன தொழில்?"

தம்பி என்னைத் தேடினான். நான் படத்துக்குள் இல்லை. "அதேதான் அக்கா. திங்கள், புதன், சனி. வேறு முதலாளி."

"நெடுந்தீவுப் பக்கம் வருகிறீரோ?"

"டிரைவர் எங்கே விடுகிறாரோ..."

"அது பதில் இல்லை." அக்காவின் குரல் உயரவில்லை. "போன மாதமும் எங்களுக்கு வலை போனது. ஒரு இலட்சத்து அறுபதாயிரம். உம்முடைய படகென்று சொல்லவில்லை. தொகையைக் கேட்டு வைத்துக்கொள்ளும். இரவில் உம்மையும் சேர்த்துத்தான் செபம் சொல்கிறோம். கடலில் கண்டால் கல்லால் எறிவேன் என்று மகன் சொல்லிக்கொண்டிருக்கிறான். இரண்டும் உமக்குத் தெரிந்திருக்க வேண்டும்."

"சரி அக்கா."

"அம்மாவிடம் கொடும்."

அம்மா திரையில் வந்தார், பாதி நெற்றி மட்டும். மெழுகுதிரி ஏற்றியாயிற்றா, எத்தனை சர்க்கரை, வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறீர்களா, பாகற்காய் அங்கே என்ன விலை என்று இருவரும் எங்கெங்கோ போனார்கள். ஏழு மணியானது. மகள் பாயை விரித்தாள். அம்மா அங்கிருந்தே, "நானும் சொல்கிறேன், வைத்துவிடாதீர்கள்" என்றார். அக்கா தொலைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்தார். இங்கிருந்து முதல் பாதி, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நொடி பிந்தி மறுபாதி. இடையில் தம்பியின் குரலும் ஒருமுறை கேட்டது, அல்லது எங்கள் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி. மூன்றாவது பத்து மணிகளைச் சொல்லும்போது டேட்டா தீர்ந்து அழைப்பு அறுந்தது. அக்கா மகனைப் பார்த்து, "கடை பூட்டியிருக்காது, ஓடிப்போய் இருநூறு ரூபாய்க்கு ரீலோட் போட்டுக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டு, என்னிடம் இருநூறு ரூபாய்க்குக் கை நீட்டினார்.